ஒடென்சேயில் ஆண்டர்சனின் அம்மா

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒடென்சே வந்துவிடுகிறது. வழியில் கடல் குறுக்கிடுகிறது. ரயில் கடலுக்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து, நடுவில் ஒரு குட்டித் தீவில் வெளியே வந்து, மீதித் தூரத்தைப் பாலத்தில் கடக்கிறது. 1819 செப்டம்பரில் 14 வயதுப் பையன் ஒருவன் இதே கடலைக் கப்பலில் எதிர்த்திசையில் கடந்து, நாடகத்தில் சேரும் ஆசையோடு தன்னந்தனியாகத் தலைநகருக்குப் போனான். 'அசிங்கமான வாத்துக்குஞ்சு', 'குட்டிக் கடற்கன்னி' என்று 150-க்கும் மேற்பட்ட கதைகளை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்தான் அவன்.

ஊருக்குள் எல்லாரும் போவது 2021-ல் திறந்த புது ஆண்டர்சன் அருங்காட்சியகத்துக்கு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்தது. பெரும்பகுதி தரைக்கு அடியில் இருக்கிறது. அருமையான இடம்தான். ஆனால் என் மனம் முழுக்க முங்கெமொல்லெ தெருவில் இருக்கும் சின்ன வீட்டில்தான் இருந்தது. 2 வயதிலிருந்து ஊரைவிட்டுக் கிளம்பும்வரை ஆண்டர்சன் வளர்ந்த வீடு அது.

வீடு என்றால் ஒரே அறை. அப்பா செருப்புத் தைப்பவர். அவருடைய வேலைப் பலகை, கட்டில், பையனின் படுக்கை, இவற்றைப் போட்டாலே இடம் நிறைந்துவிடும் என்று ஆண்டர்சன் சுயசரிதையில் எழுதுகிறார். உள்ளே போய் நின்றால் அதில் கொஞ்சமும் மிகை இல்லை என்று தெரிகிறது. ஏணியில் ஏறினால் கூரை. பக்கத்து வீட்டுக் கூரையும் இதுவும் சேரும் இடத்தில் அம்மா ஒரு பெட்டியில் மண் நிரப்பி, சமையலுக்கான தழைகளை வளர்த்தாளாம். அவளுக்கு வாய்த்த தோட்டம் அவ்வளவுதான். 'பனி அரசி' கதையில் கேயும் கெர்டாவும் உட்கார்ந்து விளையாடும் கூரைத் தோட்டம் இங்கிருந்து போனதுதான்.

அம்மா பெயர் ஆன் மாரி. சிறுமியாக இருந்தபோது பெற்றோர் அவளைப் பிச்சை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அடியில் நாள் முழுக்க உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெருவில் குளிரில் வாடும் ஏழைச் சிறுமியைப் பற்றி ஆண்டர்சன் எழுதிய 'தீக்குச்சி விற்ற சிறுமி'யைப் படித்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

1816-ல் அப்பா இறந்தார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தாள். ஒடென்சே ஆறு இன்று பூங்காவுக்குள் அமைதியாக ஓடுகிறது, கரையெல்லாம் புல்வெளி. நான் கையை நனைத்துப் பார்த்தேன், விரல் விறைத்துவிட்டது. அந்தத் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று துணி அலசியவர்கள் குளிர் தாங்கச் சாராயம் குடித்தார்கள். ஊர் அவர்களைக் குடிகாரி என்றது. இதைத்தான் ஆண்டர்சன் பின்னாளில் 'அவள் லாயக்கில்லாதவள்' என்ற கதையாக எழுதினார். ஆற்றில் நிற்கும் அம்மாவுக்குப் பையன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறான், ஊர்ப் பெரிய மனிதர் அவனை நிறுத்தி அவளைப் பழிக்கிறார். அவருடைய கதைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தேவதையும் இல்லை, மந்திரமும் இல்லை. தன் தாய்க்காக ஒரு மகன் பேசுகிறான்.

மகனைத் தலைநகருக்கு அனுப்ப அவளுக்கு மனமே இல்லை. அப்புறம் குறி சொல்லும் கிழவி ஒருத்தி, ஒருநாள் இவனுக்காக ஒடென்சேயே விளக்கேற்றும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். 1867 டிசம்பரில் ஊர் அவரைக் கௌரவக் குடிமகனாக்கித் தீப்பந்த ஊர்வலம் நடத்தியது. அம்மாவோ 1833-லேயே ஏழைகள் விடுதியில் இறந்துவிட்டாள். மகன் அப்போது இத்தாலியில். அவருடைய முதல் தேவதைக் கதைப் புத்தகம் வந்ததே 1835-ல்தான்.

ஒடென்சே போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரயிலில் போகும்போதே 'அவள் லாயக்கில்லாதவள்' கதையைப் படித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகு ஆற்றங்கரைக்குப் போங்கள். அருங்காட்சியகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.