செலவு நோட்டில் இல்லாத பெயர்கள்

சங்கீத மேதை தியாகராஜர் நினைவாக எங்கள் தெருவில் நடக்கும் ஆராதனைக்கு இந்த வருஷம் விழா மலர் போடுகிறோம், விழா நடந்துவந்த கதையை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுப்பா என்று செயலாளர் மாமா சொன்னபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷமாக வசூல், ரசீது, மைக் செட் எல்லாம் நான் பார்ப்பதுதானே. இரண்டு மாதம் ஆகிவிட்டது.

தியாகராஜர் சமாதி இருக்கும் திருவையாற்றுக் கதையை எழுதச் சிரமமில்லை. 1847-இல் தியாகராஜர் மறைந்தது, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு அவர் சமாதியில் கோயில் எழுப்பியது, அப்படிக் கட்டியவரையே பெண் என்று சொல்லி அங்கே ஆராதனையில் பாடவிடாதது, அவர் பெண்களைத் திரட்டித் தனியாக நடத்தியது, 1940 வாக்கில் பிரிந்துகிடந்த ஆராதனைக் கோஷ்டிகள் ஒன்றானது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு ஆறாத இடம் அது.

எங்கள் கதைக்கு வந்தபோதுதான் திணறினேன். கையில் இருந்தது பழைய அழைப்பிதழ்களும் சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டுகளும். அழைப்பிதழில் பாடினவர், வயலின், மிருதங்கம், தலைமை தாங்கியவர் பெயர் எல்லாம் இருக்கிறது. நோட்டில் பந்தல், ஜமுக்காளம் வாடகை, கதம்பம், ரவை, கரண்ட் போன வருஷத்துக்கு பெட்ரோமாக்ஸ் இரண்டு, அதற்கு மண்ணெண்ணெய் வரைக்கும் இருக்கிறது. காசு வாங்காமல் உழைத்தவர்கள் மட்டும் எதிலும் இல்லை. காசு வாங்கியிருந்தால் செலவுக் கணக்கிலாவது பெயர் வந்திருக்கும்!

அப்புறம் மதுரையில் முனிச்சாலையிலிருந்து வில்லாபுரம் வரை வீடு வீடாகப் போனேன். இருபத்திரண்டு வருஷம் காபி போட்ட அக்காவுக்கு எந்தப் பாடகருக்குச் சர்க்கரை கூடாது, யார் மேடை ஏறுமுன் வெந்நீர் கேட்பார் என்பதெல்லாம் இன்னும் ஞாபகம். தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும்வரை அவர் கொல்லைப்புறத்தில் அடுப்பு முன்னால்தான் இருந்திருக்கிறார். "பாட்டு காதுல விழும் தம்பி, மைக்கை நீதான் அந்தப் பக்கம் திருப்பி வச்சியே" என்றார். ஆமாம், மூன்றாம் வருஷம் ஒரு குழாய் ஸ்பீக்கரை அடுக்களைப் பக்கம் கட்டினேன், ஆள் கூப்பிட வசதியாக இருக்கும் என்று. அது அவருக்கு என்னவாக இருந்தது என்று இத்தனை வருஷம் கேட்டதே இல்லை.

தியாகராஜரின் பாட்டுகள் பல நமக்குக் கிடைத்ததே, சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் கூட இருந்து எழுதி வைத்ததால்தான். அந்தச் சுவடிகள் நம் மதுரை சௌராஷ்டிர சபையில்தான் காப்பாற்றப்பட்டு வந்தன. எழுதி வைப்பதன் அருமை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் விழாவில்தான் விட்டுவிட்டோம்.

நாலு பக்கம் ஒன்பது ஆனது. மாமாவிடம் கொடுத்தேன், அச்சுக்கூலி கூடுமே என்றார். என் தீபாவளி போனஸில் தருகிறேன் என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டார்.

அச்சுக்குப் போகுமுன் காபி அக்காவிடம் அவர் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரர் பெயரை முதலில் போடச் சொன்னார். அவர் இறந்து ஆறு வருஷம். எனக்கு அவரைத் தெரியும், பெயர் மட்டும் அன்றுதான் கேட்டு எழுதிக்கொண்டேன்.