வராமல் இருப்பதற்கு ஒரு படிவம்

2020 ஜூலை மாதம் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டிக்கு வெளியே, உறைந்த உணவுப்பொருள்களைச் சேமித்து அனுப்பும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். விடுப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. அம்மாதம் 27ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் உடல்வெப்பம் பார்க்க வரிசையில் நின்றபோது ஒரே ஒரு செய்தியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் அணியான சீஃப்ஸின் ஆட்டக்காரர் லோரான் டுவெர்னே-டார்டிஃப், கொரோனா பெருந்தொற்றின் காரணமாக, வரப்போகும் பருவம் முழுவதும் ஆடப்போவதில்லை என்று வெள்ளிக்கிழமை இரவு அறிவித்திருந்தார்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் காலுக்கு வேலை குறைவு, தோளுக்கு அதிகம். பந்தை எறிபவரைச் சுற்றி ஐந்து பெரிய உடல்கள் அரணாக நின்று, எதிரணியின் அதேயளவு பெரிய உடல்களை மார்போடு மார்பாகத் தள்ளி நிறுத்த வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் டுவெர்னே-டார்டிஃப். எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நிற்பதே இவர்களுடைய தொழில் என்பதால், ஆறடி இடைவெளி என்ற அறிவுரைக்கு அந்த மைதானத்தில் பொருளே இல்லை.

அவர் மருத்துவரும்கூட. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2018இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 2020 பிப்ரவரியில் சீஃப்ஸ் அணி பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றபோது களத்தில் இருந்தவர், வசந்தகாலத்தில் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் சேர்ந்தார். ஆபத்தை ஏற்பதானால் நோயாளிகளுக்காக ஏற்கிறேன், விளையாட்டுக்காக என் ஊரில் தொற்றைப் பரப்ப மாட்டேன் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். எங்கள் கிடங்கில் அவரைக் குறைசொன்னவர்களை நான் பார்க்கவில்லை. மருத்துவர் ஒருவர் மருத்துவமே பெரிது என்று சொல்வதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லத் துணிவதில்லை. ஆனால் அடுத்த பத்து நாள்களில் விலகியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட வெள்ளைக் கோட்டு இருக்கவில்லை.

என் தொழில் சார்ந்த கண்ணுக்குப் பட்டது வேறொன்று. ஆட்டக்காரர்களின் சங்கமும், இந்த அணிகள் ஆடும் தொடரான என்.எஃப்.எல்.இன் நிர்வாகமும் பேசி முடித்திருந்த விலகல் விதிகளைச் செய்தித்தாளில் படித்தபோது, ஒரு விடுப்புப் படிவம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு மாதிரி கிடைத்ததாகவே தோன்றியது. உடலில் ஏற்கெனவே நோய்க்கூறு இருந்து, தொற்றினால் அதிக ஆபத்து உள்ளவர் என்று வகைப்படுத்தப்படும் ஆட்டக்காரருக்கு 350,000 டாலர். அந்த ஆண்டு அவருடைய பணிமூப்பிலும் சேரும். அத்தகைய நோய் இல்லாமல், தம் விருப்பத்தால் விலகுபவருக்கு 150,000 டாலர், அதுவும் பின்னால் வரும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளப்படும் முன்பணமாக. இரு வகையினருக்கும் ஒப்பந்தம் அப்படியே ஓராண்டு தள்ளிப்போகும். ஆகஸ்ட் 6 மாலை 4 மணிக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னபின் மாற்ற முடியாது. காலக்கெடு முடிந்தபோது 67 பேர் விலகியிருந்தார்கள். 32 அணிகளின் பயிற்சி முகாம்களில் ஏறத்தாழ 2,500 பேர் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய எண்தான்.

தொகைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எங்களிடையே பலர். நான் மயங்கியது ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும் என்ற அந்த ஒரு வரியில். வராதவனுடைய ஆண்டு வீணானதாகவும் கணக்கிடப்படாது, நிறைவேறியதாகவும் கணக்கிடப்படாது. 2020 என்ற ஆண்டே அவனுடைய ஒப்பந்தத்தில் நிகழவில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறார்கள். உறைபொருள் கிடங்கில் வேலை செய்பவனுக்கு அது எளிதாகப் புரிந்தது.

என் மேசையில் அந்தக் கோடையில் இருந்தவை வேறு. மார்ச் மாதம் நாடாளுமன்றம் இயற்றிய அவசரச் சட்டம் தொற்றுக்கால விடுப்புக்கு இரண்டு வாரச் சம்பளம் தந்தது. ஆனால் 500 பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனங்களுக்கே அது பொருந்தும், எங்களிடம் அதற்கு மேல் ஆட்கள். குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரம் தரும், சம்பளம் கிடையாது, நோய் என்றால் கடும் நோய்க்கு மட்டும். தொற்றிவிடுமோ என்ற அச்சத்தை அது நோயாக ஏற்காது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி ஊழியருடைய உடல்நிலைக்கேற்பப் பணியை மாற்றித் தரலாம், ஆனால் வீட்டில் இருப்பவருடைய உடல்நிலைக்காக மாற்றித் தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் உணவு இடைவேளையில் என்னிடம் வந்தார். பதினோரு ஆண்டு அனுபவம், ஒரு விபத்துகூடச் செய்யாதவர். அவருடைய மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். “அவர்களுக்கு ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிட்டால் வேலை அப்படியே இருக்குமாம். எனக்கு அந்தத் தேதி எது?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, எங்கள் அறிவிப்புப் பலகையில் அப்படி ஒன்று ஒட்டப்பட்டுத் தாம் கவனிக்கத் தவறிவிட்டோமோ என்ற கவலை குரலில் இருந்தது. நான் சட்டப்பிரிவுகளைச் சொன்னேன். உங்களுக்கு நோய் இல்லை, எனவே வழியில்லை என்றேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

உண்மையில் அவருடைய நிலையில் இருந்த ஆட்டக்காரர்களும் உண்டு. சீஃப்ஸ் அணியின் டேமியன் வில்லியம்ஸ், சூப்பர் பவுலில் வெற்றியை உறுதிசெய்த ஓட்டத்தை ஓடியவர், தாயாருக்கு நான்காம் நிலைப் புற்றுநோய் என்பதால் விலகினார். நியூயார்க் ஜயன்ட்ஸின் நேட் சோல்டர் தாமும் புற்றுநோயிலிருந்து மீண்டவர், அவருடைய சிறு மகனும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தான். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் மட்டும் எட்டுப் பேர் விலகினார்கள். அவர்களில் டான்டா ஹைடவருக்கு ஜூலையில்தான் குழந்தை பிறந்திருந்தது, மார்கஸ் கேனன் இளம் வயதில் நிணநீர்ப் புற்றுநோயை வென்றவர்.

நம் மொழியில் ‘ஒதுங்குதல்’ என்ற சொல்லுக்கு இரு முகம். மழைக்கு ஒதுங்கினால் விவேகி, பொறுப்பிலிருந்து ஒதுங்கினால் வேறு பெயர். அந்த ஆகஸ்டில் கிடங்கின் வானொலியில் கேட்ட விளையாட்டு விவாதங்கள் எல்லாம், இந்த ஆட்டக்காரர் எதற்கு ஒதுங்கினார் என்பதைத் தீர்மானிக்கும் முயற்சியாகவே இருந்தன. கோடிக்கணக்கில் வாங்குபவனுக்கு என்ன பயம் என்றார்கள் சிலர். பணம் இருப்பவனுக்குத்தான் பயப்படக் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றியது. அத்துடன், ஒவ்வொருவரும் தம் காரணத்தைப் பொதுவில் விளக்க வேண்டியிருந்ததே என்னை உறுத்தியது. என் படிவங்களிலாவது நோயின் பெயர் கோப்புக்குள் பூட்டியிருக்கும்.

பருவம் நடந்தது. முன்னோட்ட ஆட்டங்கள் ரத்தாயின, அரங்கங்கள் பாதிக்குமேல் காலியாக இருந்தன, டென்வர் அணி எறிபவர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு ஞாயிறு ஆட நேர்ந்தது. ஆனாலும் முறைப்படியான 256 ஆட்டங்களும் நடந்து முடிந்தன. 2021 பிப்ரவரி 7 அன்று தாம்பாவில் சீஃப்ஸ் மறுபடியும் சூப்பர் பவுல் ஆடி, 31–9 என்று தோற்றது. காயத்தால் சிதைந்திருந்த அரண் வரிசை நிற்கவே இல்லை. சீஃப்ஸின் பந்தெறிபவர் பேட்ரிக் மஹோம்ஸ் இரவு முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். மறுநாள் கிடங்கில், டாக்டர் இருந்திருந்தால் என்று தொடங்கிய வாக்கியங்கள் எத்தனை! அதே ஆட்டத்துக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 7,500 மருத்துவப் பணியாளர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை நினைவூட்ட நான் முயலவில்லை.

விலகியவர்கள் திரும்பியபோது என்ன கிடைத்தது என்பதையும் தொடர்ந்து கவனித்தேன். 2021 மார்ச்சில் வில்லியம்ஸைச் சீஃப்ஸ் விடுவித்தது. கேனன் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். டுவெர்னே-டார்டிஃப் முகாமுக்குத் திரும்பிக் கையை முறித்துக்கொண்டார். அவருடைய இடத்தில் ஒரு புதுமுகம் நிலைத்துவிட, நவம்பரில் நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஒப்பந்தம் உறைந்து நிற்கலாம். களத்தில் இருந்த இடம் உறைவதில்லை. எங்கள் கிடங்கிலும் நீண்ட விடுப்பிலிருந்து வந்தவர்களுக்குச் சட்டப்படி அதே சம்பளமும் அதே பதவிப்பெயரும் கிடைத்தன, ஆனால் பழகிய வண்டி வேறொருவரிடம் போயிருக்கும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் நான் சொன்னது முழு உண்மையாக இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, டேமியன் வில்லியம்ஸ் பற்றிய செய்தி ஒன்றைப் படித்தபோதுதான் அது உறைத்தது. மனைவியைக் கவனித்துக்கொள்ள எடுக்கும் விடுப்பைத் துண்டு துண்டாகவும் எடுக்கலாம். அவர் பயந்தது தமக்காக இல்லை. மனைவி கூட்டு வேனில் டயாலிசிஸுக்குப் போய்வருவதற்காகவும், தாம் அவருக்குத் தொற்றைக் கொண்டுபோவதற்காகவும். முதலாவதற்குப் படிவம் இருந்தது. நானே பகுதி பத்துக்குப் போய் அவரைத் தேடிக் கையில் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வாரம் என்றால் அறுபது வேலைநாள். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் இருபது வாரம் வரும். சம்பளம் பாதிக்கும் கீழே போகும். மற்ற இரண்டு நாள் வேலைக்கு வந்து, முகக்கவசத்துடன், எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

இருபது வாரம் கிறிஸ்துமஸை ஒட்டி முடிந்தது. எங்கள் நிறுவனம் விடுப்பை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டாகக் கணக்கிட்டதால், 2021 பிறந்ததும் அவருக்குப் புதிதாக அறுபது நாள் சேர்ந்தது. முதல் வேலைநாளில் அவருக்கான படிவத்தை முன்பே எடுத்து வைத்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தில், போன ஆகஸ்டில் எழுதியதையே எழுதிக் கையெழுத்திட்டார்.