அம்மாவின் சேலையில் ஒரு பாவாடை

தைப்பூசக் காவடிக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கும் நிலையில், இவ்வாண்டு வீட்டில் யாருக்கும் புதுத்துணி வாங்குவதில்லை என்று முடிவு செய்து, அலமாரியில் மடித்தபடியே கிடந்த அம்மாவின் இளஞ்சிவப்புப் பட்டுச்சேலையை வெளியே எடுத்தேன். மொரீசியசில் காவடிக்கு இந்த நிறமே வழக்கம் என்பதால் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்புக் கோடுகளின் வழியே இற்றுப்போயிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இற்ற இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அவற்றைத் தவிர்த்தே வெட்டினேன். 5.5 மீட்டரில் மகளின் பாவாடைக்கு 3 மீட்டர் தேறியது. சேலையின் கரையையே பாவாடையின் அடிப்பக்கமாக வைத்துவிட்டால் ஓரம் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். வளரும் பிள்ளை என்பதால், மிகுந்த நீளத்தை வெட்டாமல் இடுப்புப் பக்கம் உள்ளே மடித்து, பின்னர் பிரித்துவிடும்படி தைத்திருக்கிறேன்.

மகனுக்கு, கத்ர் போர்ன் நகரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தள்ளுபடி விலையில் கிடைத்த பெரியவர்களுக்கான பருத்திச் சட்டை ஒன்று உதவியது. பருத்தி சுருங்கும் என்பதால் முதலில் துவைத்து உலர்த்தினேன். பிறகு பொத்தான் பட்டையைத் தொடாமல் பக்கத் தையல்களையும் கைகளையும் மட்டும் பிரித்து, அவனுடைய பழைய சட்டையை மேலே வைத்து அளவெடுத்தேன். கை வளைவைச் சற்று ஆழமாக வெட்டிவிட்டதால் அக்குளில் ஒட்டுத்துணி வைக்க நேர்ந்தது (மகன் கவனிக்கவில்லை, மாமியார் கவனித்துவிட்டார்).

முந்தானையின் சரிகைக்கு மட்டும் கத்தரி வைக்க இன்னும் மனம் வரவில்லை.