இடைக்கோடு இல்லாத பெயர்

2025 ஜூன் 3

நான்கு ஆண்டுகளாக நாங்கள் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த டாட் காம் பெயர் விற்பனைக்கு இருப்பதாக ஒரு தரகரிடமிருந்து இன்று காலை மின்னஞ்சல் வந்தது. அவர் கேட்கும் விலை, எங்கள் கணக்குப் பதிவு மென்பொருளை ஓராண்டு நடத்துவதற்கு ஆகும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. பேரம் முடியும்வரை அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; நாங்கள் அதை எவ்வளவு விரும்புகிறோம் என்பது விற்பவருக்குத் தெரிந்துவிட்டால், அந்த விருப்பத்துக்கும் சேர்த்தே விலை சொல்வார். அது ஒரே சொல் என்பதையும், இப்போது நாங்கள் வைத்திருப்பது அதே சொல்லோடு ஓர் இடைக்கோடும் ‘ஆப்’ என்ற ஒட்டும் சேர்ந்த பெயர் என்பதையும் மட்டும் குறித்துவைக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூவரில் மூத்தவர் மின்னஞ்சலைப் படித்தவுடன் “வாங்கிவிடலாம்” என்றார். நிரல் எழுதுபவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்குள் ஆராய்வதையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைத்தால், பின்னாளில் முடிவு தவறென்று தெரிந்தாலும் எந்த இடத்தில் தவறினோம் என்பதாவது தெரியும்.

ஜூன் 5

முதலில், எதை வாங்கப்போகிறோம் என்பதே எனக்குத் தெளிவாக வேண்டியிருந்தது. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், ஒரு பெயருக்கு ஓராண்டுக்கு 10.26 டாலர் என்ற மொத்த விலையைப் பதிவு நிறுவனங்களிடம் வாங்குகிறது. 2024 செப்டம்பர் முதல் இதுவே விலை. 1985 மார்ச் 15 அன்று பதிவான முதல் டாட் காம் பெயராகிய ‘சிம்பாலிக்ஸ்’ ஆனாலும், நேற்று யாரோ பதிவுசெய்த பொருளற்ற எழுத்துக் கோவை ஆனாலும் பதிவேட்டுக்கு அதே கட்டணம்தான். நமக்கு விற்க வந்திருப்பவரும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அந்தத் தொகையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் பதிவுசெய்ய முடியும். எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும் நிலத்தைப் போல அது நமக்குச் சொந்தமாவதில்லை. வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவருடைய இடத்தை, அதாவது புதுப்பித்துக்கொண்டே போகும் உரிமையை, வாங்குகிறோம்.

இதை எழுதும்போது ஓர் ஆறுதலும் தோன்றுகிறது. டாட் காம் போலப் பெயரின் கடைசியில் வரும் பின்னொட்டுகளில் புதிதாக வந்த சிலவற்றில், சிறப்புப் பெயர் என்று பதிவேடே வகைப்படுத்தியவற்றுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போதும் உயர்ந்த கட்டணம் கட்டவேண்டியிருக்கும். டாட் காமில் அப்படி இல்லை. பெரிய தொகை ஒரு முறைதான்.

ஜூன் 8

மூத்தவர் தம் பக்கத்து வாதங்களை இன்று முன்வைத்தார், நியாயமாகவே முன்வைத்தார். ஃபேஸ்புக் தொடக்கத்தில் முன்னால் ‘தி’ ஒட்டிய பெயரில்தான் இயங்கியது; 2005இல் 2,00,000 டாலர் கொடுத்து ஒட்டு இல்லாத பெயரை வாங்கியது. டெஸ்லா நிறுவனம் 2016 வரை ‘டெஸ்லா மோட்டார்ஸ்’ என்ற முகவரியில் இருந்தது. சுருக்கமான பெயரைப் பெறப் பத்தாண்டுக்கு மேல் முயற்சியும் 1.1 கோடி டாலரும் ஆயின என்று ஈலான் மஸ்க் 2018இல் பொதுவெளியில் எழுதினார். 2019இல் ‘வாய்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் டாட் காம் பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது.

நான் கேட்டது ஒரே கேள்வி. ஃபேஸ்புக்கும் டெஸ்லாவும் அந்தப் பெயரை வாங்கியதால் வளர்ந்தனவா, வளர்ந்துவிட்டதால் வாங்க முடிந்ததா? ஒட்டு உள்ள பெயரோடுதான் அவை மக்களிடம் போய்ச் சேர்ந்தன. நமக்கு நெருக்கமான பாடம் ஓவர்ஸ்டாக் என்ற இணைய வணிக நிறுவனத்தின் கதையில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அது 2010இல் ‘ஓ டாட் கோ’ என்ற மிகச் சிறிய முகவரியை 3,50,000 டாலருக்கு வாங்கி, 2011இல் தன்னையே அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கி, அதே ஆண்டில் பின்வாங்கியது. மக்களில் பலர் பழக்கத்தால் ‘ஓ டாட் காம்’ என்று தட்டினார்கள். அந்த ஓரெழுத்துப் பெயர் யாருக்கும் வழங்கப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்டது. சிறிய பெயராக இருந்தும் காதில் விழுவது ஒன்றாகவும் கை தட்டுவது வேறாகவும் போனதால், கொடுத்த விலை வீணாயிற்று. ஆகவே எங்கள் பெயர் காதிலிருந்து கைக்குப் போகும் வழியில் எவ்வளவு சிதைகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

ஜூன் 10

பன்னிரண்டு பேரிடம் தொலைபேசியில் எங்கள் முகவரியை வழக்கமாகச் சொல்வதுபோல் ஒரு முறை சொல்லி, எழுதி அனுப்பும்படி கேட்டேன். சரியாக எழுதியவர்கள் நால்வர். மூவர் இடைக்கோட்டை விட்டுவிட்டு எழுதினார்கள், ஒருவர் அடிக்கோடு போட்டிருந்தார், மற்ற நால்வரும் ஒட்டையே விட்டுவிட்டு வெறும் சொல்லோடு டாட் காம் சேர்த்திருந்தார்கள். அந்த நால்வரும் போய்ச் சேரும் இடம் நமக்கு விலை சொல்லியிருப்பவருடைய வெற்றுப் பக்கம்.

பன்னிரண்டு பேரை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர முடியாதென்று அறிவேன். ஆயினும் என் பேச்சை நானே கவனித்ததில் ஒன்று புலப்பட்டது: ‘இடைக்கோடு’ என்பதைச் சொல்லும்போது என் குரல் தாழ்கிறது, மன்னிப்புக் கேட்பதுபோல் வேகமாகக் கடந்துபோகிறேன். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன் போலும்.

ஜூன் 12

இன்று நிரல் எழுதுபவர் சொன்னது இந்த விவகாரத்தின் எடையையே மாற்றிவிட்டது. நாங்கள் எல்லோரும் தளத்துக்கு வருபவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்; அவர் மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டார். எங்கள் வாடிக்கையாளர்கள் தங்கள் ரசீதுகளையும் பட்டியல்களையும் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் மென்பொருள் அவற்றைப் பிரித்துக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். தளத்தின் முகவரியைத் தவறாகத் தட்டியவர், வேறொரு பக்கம் திறந்ததும் தவறைத் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார். மின்னஞ்சலில் ஒட்டை விட்டுவிட்டவருடைய கணக்குத் தாள்களோ அந்நியர் ஒருவருடைய பெயருக்குப் போகின்றன.

உடனே அந்தப் பெயருக்கு உரிய எம்எக்ஸ் பதிவைப் பார்த்தோம். ஒரு பெயருக்கு வரும் அஞ்சலை எந்தச் சேவையகம் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் குறிப்பு அது. நல்ல வேளையாக, அங்கே ‘வெற்று எம்எக்ஸ்’ இருக்கிறது, அதாவது இந்தப் பெயர் அஞ்சல் எதையும் ஏற்காது என்ற அறிவிப்பு. 2015இல் வந்த நெறிமுறை. அதனால் அனுப்பியவருக்கே அஞ்சல் உடனடியாகத் திரும்பிவிடுகிறது. “உங்கள் முகவரி வேலை செய்யவில்லை” என்று மாதத்துக்கு நாலைந்து பேர் எழுதுவதன் காரணம் இன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்களிடம் சேவையகத்தில் தற்காலிகக் கோளாறு என்று நாங்கள் பதில் சொல்லிவந்திருக்கிறோம். அது உண்மையல்ல என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்கு மறுபடியும் எழுத வேண்டும்.

ஆனால் அந்த அறிவிப்பு விற்பவருடைய கையில் இருக்கிறது. நாளை வேறொருவர் அந்தப் பெயரை வாங்கி, எந்த முகவரிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி ஓர் அஞ்சல் பெட்டியை அமைத்துவிட்டால், பிறருடைய கணக்குகள் ஓசையில்லாமல் அவரிடம் போய்ச் சேரும். அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஜூன் 3 அன்று இருந்ததைவிட இப்போது அந்தப் பெயரை நான் அதிகம் விரும்புகிறேன். பெருமைக்காக அல்ல, அச்சத்தால்.

ஜூன் 16

பெயரின் பழைய வரலாற்றைப் பார்த்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் சேமித்துவரும் பக்கங்களை ‘வேபேக் மெஷின்’ வழியாகப் பார்க்க முடிகிறது. அந்தப் பெயரில் முதலில் ஒரு தச்சரின் எளிய பக்கம் இருந்திருக்கிறது. பிறகு நீண்ட இடைவெளி. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு போலி மருந்து விளம்பரங்கள். கடைசியில் ‘விற்பனைக்கு’ என்ற ஒற்றை வரி. அஞ்சல் தடைப்பட்டியல்களில் இன்று அந்தப் பெயர் இல்லை. இருந்தாலும் கணக்குகளைக் கையாளும் ஒரு சேவைக்கு, முன்பு மோசடி விளம்பரம் தாங்கிய பெயர் முழு விலைக்கு உரியதல்ல என்பது என் கருத்து.

தேடுபொறியில் தானாகவே மேலே வந்துவிடுவோம் என்ற எண்ணத்தையும் இன்று விட்டுவிட்டேன். தரம் குறைந்த தளங்கள், தேடும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு முன்னணிக்கு வருவதைத் தடுக்க 2012 செப்டம்பரிலேயே கூகுள் தன் முறையை மாற்றியது. இடம்பெயர்ந்தால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரை.

ஜூன் 17

பணம் கொடுக்காமல் புகார் கொடுத்தே பெயரைப் பெற முடியாதா என்று மூத்தவர் கேட்டார். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999இல் ஏற்படுத்திய பெயர்த் தகராறு நடைமுறையில் வெல்ல மூன்றையும் நிறுவ வேண்டும்: பெயர் நம் வணிகக் குறியை ஒத்திருப்பது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லாதது, தீய நோக்கத்தோடு அவர் பதிவுசெய்து பயன்படுத்தியது. நாங்கள் தொடங்குவதற்குப் பல ஆண்டு முன்பே அவரிடம் அந்தப் பெயர் இருந்தது. இல்லாத ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்து ஒருவர் எப்படித் தீங்கு நினைத்திருக்க முடியும்? விலைக்குக் கேட்டுப் படியாதபோது புகாரை ஆயுதமாக்குவது பெயரைப் பறிக்கும் முயற்சி என்று தீர்ப்புக் குழுக்களே கண்டித்திருக்கின்றன. இந்த வழி வேண்டாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

ஜூன் 21

இன்று விலையைப் பற்றி மட்டும் உட்கார்ந்து பேசினோம். தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் மூன்றில் பெயரைக் கொடுத்துப் பார்த்ததில், மிகப் பெரிய மதிப்பு மிகச் சிறியதைப் போல் ஆறு மடங்கு இருந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். நேம்பயோ போன்ற தளங்களில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட விற்பனைகளைப் பார்க்கலாம், ஆனால் பல விற்பனைகள் வெளியே வருவதே இல்லை. விற்ற பெயர்களின் விலைதான் பட்டியலில் இருக்கும், ஆண்டுக்கணக்கில் வாங்க ஆளில்லாமல் கிடக்கும் பெயர்களின் கதை இருக்காது.

எனவே எங்கள் இழப்பிலிருந்தே கணக்கைத் தொடங்கினோம். முகவரியை விளக்குவதிலும், திரும்பிய அஞ்சல்களைத் தேடிப் பதில் எழுதுவதிலும் செலவாகும் மணிநேரங்கள்; ஒட்டு இல்லாத பக்கத்துக்குப் போய்த் திரும்பாமலே விட்டவர்கள் என்று நாங்கள் நம்பக்கூடிய சிலர்; ஐந்து ஆண்டுக்கு இவற்றின் கூட்டுத்தொகை. எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் அது கேட்ட விலையில் கால் பங்கைத் தாண்டவில்லை. அஞ்சல் அச்சத்துக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கை உச்ச வரம்பாகக் காகிதத்தில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். பேரம் சூடுபிடித்த பிறகு வரம்பு வைப்பவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள் என்பதால், தரகருக்கு எழுதுவதற்கு முன்பே இதைச் செய்தோம்.

ஜூன் 24

எங்கள் தொகையைச் சொன்னோம். விற்பவர் பாதிக்கு இறங்கி வந்தார். இன்னொருவரும் கேட்பதாகவும் இரண்டு நாளில் பதில் வேண்டும் என்றும் தரகர் சேர்த்து எழுதினார். மாதத் தவணைக்கும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். தவணை முடியும்வரை பெயர் எங்கள் கைக்கு வராது. இடையில் ஒரு மாதம் தவறினால் கட்டியதும் போய், நாங்கள் இடம்பெயர்ந்துவிட்ட முகவரியும் போய்விடும். தவணையை மறுத்தோம். வாங்குவதாக இருந்தால், பணத்தை மூன்றாவது தரப்பு ஒன்று பிடித்துவைத்துப் பெயர் கைமாறிய பிறகே விற்பவருக்குக் கொடுக்கும் முறையில் மட்டுமே வாங்குவோம் என்பதையும் எழுதினேன்.

ஜூன் 27

இரண்டு இரவு சரியான உறக்கமில்லை. பாதி விலை என்பது மலிவு போலத் தோன்றுகிறது, ஆனால் அது அவருடைய முதல் விலையில் பாதிதான், நாங்கள் போட்ட கணக்கில் ஒன்றரை மடங்கு.

தீர்த்துவைத்தது நிரல் எழுதுபவரின் ஒரு யோசனை. சிக்கல் ஒட்டு இருப்பதில் அல்ல, ஒட்டுக்குப் பொருள் இல்லாததில்தான் என்றார் அவர். ‘ஆப்’ என்பதை எந்தப் பெயருக்குப் பின்னும் சேர்க்கலாம், ஆகவே எவரும் நினைவில் வைப்பதில்லை. இடைக்கோட்டையோ வாய் சொல்வதே இல்லை. நாங்கள் செய்யும் வேலையைக் குறிக்கும் சொல்லை இடைக்கோடு இல்லாமல் சேர்த்த டாட் காம் பெயர் வழக்கமான பதிவுக் கட்டணத்துக்கே கிடைத்தது. அதை நேற்றே பதிவுசெய்துவிட்டு, முன்பு கேட்காத வேறு பன்னிரண்டு பேரிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். பதினொருவர் சரியாக எழுதினார்கள். எஞ்சிய ஒருவரும் ஓரெழுத்தைத்தான் தவறவிட்டார். அந்தத் தவறான வடிவத்தையும் இன்று பதிவுசெய்துகொண்டோம்.

அஞ்சல் அச்சம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பெயரை வாங்குவதைவிட உறுதியான வழி, ரசீதுகளை மின்னஞ்சலில் வாங்குவதையே நிறுத்துவது என்று முடிவுசெய்தோம். இனி அவை மென்பொருளுக்குள்ளிருந்தே ஏற்றப்படும். உண்மையில் பெயர் விவகாரம் எழாதிருந்தாலும் இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

தரகருக்கு நன்றி கூறி, வாங்கவில்லை என்று எழுதினேன். மூத்தவருக்கு வருத்தம்தான். “அந்தச் சொல் நம்முடையது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜூலை 9

பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பல் இன்று காலை தொடங்கியது. பழைய பெயரை அதிகபட்சக் காலமான பத்து ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டோம். அது நம் கையை விட்டுப் போனால், பழைய வாடிக்கையாளர்களின் அஞ்சல் வேறு யாருக்கோ போய்ச் சேரும் அபாயம் மறுபடியும் வந்துவிடும். தற்காலிகக் கோளாறு என்று நாங்கள் தவறாகப் பதில் சொன்னவர்களில் முகவரி கிடைத்த அத்தனை பேருக்கும் உண்மையான காரணத்தை விளக்கி எழுதினேன். மாலைக்குள் அவர்களில் மூவர் தங்கள் ரசீதுகளைப் புதிய முறையில் ஏற்றியிருந்தார்கள்.