போகி வரைக்கும் எதற்குக் காத்திருப்பது? ஈரோட்டு வீட்டின் மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது, போகிக்கு இன்னும் நான்கு வாரம். வருடாவருடம் போகிக்கு முந்தைய ஞாயிறு பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, இடுப்பு ஒடிய வேலை செய்து வீட்டைப் பளிச்சென்று ஆக்குவோம், மாசி பிறப்பதற்குள் பழையபடி ஆகிவிடும். பரண்மேல் இருக்கும் பித்தளை அண்டா யார் காலையும் தட்டுவதில்லை. தினமும் நம்மைத் திணற வைப்பது சாப்பாட்டு மேஜைதான். இன்று இரவு அதன்மேல் கிடந்தவை: வண்டிச் சாவி, சின்னவனின் ஜியாமெட்ரி பாக்ஸ், மாமாவின் மாத்திரை அட்டைகள், கரண்ட் பில், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், யாருடையது என்று தெரியாத ஒரு சார்ஜர், கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை தேங்காயோடு.

மாமா, அத்தை (என் மாமனார், மாமியார்), நான், கணவர், மகள், மகன் என்று ஆறு பேர் இருக்கும் வீடு, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், முழு நாள் ஒதுக்கிச் சுத்தம் செய்ய யாருக்கும் நேரமில்லை. அதனால் இந்த மாதம் தினமும் ஒரே ஒரு வேலை. இரவுப் பாலுக்கு அடுப்பைப் பற்ற வைத்ததும் எல்லோரும் மேஜைக்கு வர வேண்டும், பால் பொங்குவதற்குள் அவரவர் பொருளை அவரவர் எடுத்துவிட வேண்டும். அடுத்தவர் பொருளை நான் தொட மாட்டேன். இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

இரண்டு இரவிலேயே ஒன்று புரிந்தது. மேஜைக்கு வரும் பொருளில் பாதிக்கு வேறு இடமே கிடையாது. கத்தரிக்கோலை "அது இருக்கிற இடத்தில் வை" என்றால் சின்னவன் எங்கே வைப்பான்? வாசற்கதவை ஒட்டிச் சாவிக்கு ஒரு கொக்கி வரிசை அடித்தோம். அதற்குக் கீழே அவன் கைக்கு எட்டும் உயரத்தில் பள்ளிப் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இரண்டு கொக்கிகள். பிள்ளைகள் ஒழுங்காக வைப்பதில்லை என்று குறைப்படும் வீடுகளில் அலமாரித் தட்டும் ஆணியும் பெரியவர்கள் உயரத்தில்தானே இருக்கின்றன? எட்டாத இடத்தில் ஒரு குழந்தை எதையும் திருப்பி வைக்காது.

டிசம்பர் 21, சனி

இன்று மருந்து டப்பா. சனிக்கிழமை காலையில் மாமாவுக்கு அந்த வாரத்து மாத்திரைகளைப் பிரித்து வைப்பது ஏற்கெனவே இருக்கும் வழக்கம், அதோடு டப்பாவையும் ஒரு தடவை கிளறிப் பார்ப்பது என்று சேர்த்துவிட்டோம். புதிதாக ஒரு வேலையை நினைவு வைத்துக்கொள்வது கடினம், நடந்துகொண்டிருக்கும் வேலையின் வாலில் கட்டிவிட்டால் தானாக நடக்கும்.

டப்பாவில் நான் பார்த்தது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் சிக்கல்தான். மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், காலாவதித் தேதி அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சிட்டிருக்கும், அந்த ஓரம் நமக்கு வராவிட்டால் அது எந்த வருடத்து மாத்திரை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படி ஒரு பிடி துண்டுகள் கிடந்தன. இனிமேல் தேதியுள்ள பக்கமாகக் கேட்டு வாங்குவது, வீட்டில் எடுக்கும்போது தேதி இல்லாத பக்கத்திலிருந்து எடுப்பது, அதுவும் முடியாவிட்டால் சின்னக் கவரில் போட்டு மேலே பேனாவால் மாதமும் வருடமும் எழுதிவிடுவது. திறந்து ஒரு மாதம் தாண்டிய கண் சொட்டு மருந்துகளையும் எடுத்துவிட்டேன்.

மாமாவின் இன்சுலின் ஊசிகளை மூடி இறுகிய கெட்டி டப்பாவில்தான் சேர்க்கிறோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் காலாவதி மருந்து, ஊசி, டியூப் லைட், பேட்டரி எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவில் சேர்த்திருந்தார்கள், தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வண்டியோடு வரும் அக்கா குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார். அவர் கையில் ஊசி ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்தால் போதும், யாரும் அதை மற்றக் குப்பையோடு போட மாட்டார்கள்.

டிசம்பர் 26, வியாழன்

அரையாண்டு விடுமுறை. பகல் முழுக்க வீட்டில் பிள்ளைகள், மேஜைமேல் கேரம் போர்டு. பகலில் கிடக்கட்டும், வீடு இருப்பதே அதற்குத்தான். இரவில் எடுத்தார்கள்.

டிசம்பர் 29, ஞாயிறு

பைகளும் டப்பாக்களும். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது, இரண்டும் எனக்கு மனதார ஏற்பு. ஆனால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை வீட்டுக்குள் வந்தபடியே இருக்கிறது, ஒன்று கூட வெளியே போவதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பைக்குள் பை, அதற்குள் பை. அதற்குமேல் பார்சல் சாப்பாட்டுக் கறுப்பு டப்பாக்கள், பாதிக்கு மூடி இல்லை.

அத்தைக்கு மனசே வரவில்லை. "அதைய எதுக்குக் கண்ணு எறியறே, எதுக்காவது ஆகும்" என்றார்.

"ஆகுமுங்க அத்தை, நல்லதா எடுத்து வெச்சுக்கலாங்க. மீதியக் கடைக்காரங்களுக்குக் குடுத்துரலாங்க" என்றேன்.

அத்தையே தரையில் உட்கார்ந்து பிரித்தார். ஒவ்வொரு பையின் அடித்தையலையும் விரலால் இழுத்துப் பார்த்து, கைப்பிடி ஆட்டம் கண்டதை ஒரு பக்கம், உறுதியானதை ஒரு பக்கம் என்று வைத்தார். ஒரு முழப் பழைய சேலைத் துணியையும் கரித்துணிக்கென்று எடுத்து வைத்து வளர்ந்த தலைமுறை அது. அந்தச் சிக்கனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், அவர் காலத்தில் வீட்டுக்கு வந்த பொருளே கொஞ்சம், இப்போது வருவது அளவில்லாமல் வருகிறது. ஒரு கட்டைப்பைக்குள் எத்தனை அடங்குமோ அத்தனை மட்டும் என்று முடிவாயிற்று, அது நிறைந்ததும் மிச்சம் தெருமுனைக் காய்க்கடை அம்மாவுக்கு. காலை நடைக்குக் கிளம்பும் மாமா எடுத்துப் போவார். வண்டிப் பெட்டியில் எப்போதும் இரண்டு மஞ்சப்பை இருக்கட்டும் என்றும் சொன்னேன், பை கையில் இருந்தால்தானே கடையில் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

ஜனவரி 2, 2025, வியாழன்

புத்தாண்டுக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தது, வீடு நிறைய ஆட்கள், மேஜை விஷயம் அப்படியே நின்றுபோனது. வருத்தம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து, ஒரு செயல் பழக்கமாக எவ்வளவு நாளாகும் என்று பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை என்று வந்தது. நடுவில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் கண்டார்கள். '21 நாளில் பழக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி 22-ஆம் நாள் மனம் உடைபவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை. இன்று இரவு மீண்டும் பால் அடுப்பில், எல்லோரும் மேஜையில்.

ஜனவரி 5, ஞாயிறு

படுக்கையறை நாற்காலி. ஒரு தடவை போட்ட சட்டை, துவைக்கவும் வேண்டாம், பீரோவுக்குள் வைக்கவும் மனம் வராது, நாற்காலிக்குப் போகும். கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கொக்கி, அதற்குமேல் தொங்கினால் துவைக்கிற கூடைக்கு. காய்ந்த துணியை மடிப்பதையும் பிரித்துவிட்டோம், எட்டாவது படிக்கும் மகள் தன்னுடையதை மடிக்கிறாள், என் கணவர் தன்னுடையதையும் மாமாவுடையதையும். மடிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் திருத்தி மடிப்பதில்லை.

இதை ஏன் விடாப்பிடியாகச் சொல்கிறேன் என்றால், 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. தங்கள் வீடு சாமான் அடைசலாக, வேலை முடியாமல் கிடக்கிறது என்று சொன்ன மனைவிமார்களுக்கு கார்டிசோல் என்கிற மன அழுத்த ஹார்மோன் காலையிலிருந்து இரவுக்குள் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. கணவன்மார்களிடம் அப்படித் தெரியவில்லை. எந்த ஊராக இருந்தால் என்ன, கலைந்து கிடக்கும் வீடு பெண்ணின் கண்ணுக்கு முடிக்காத வேலையாகத்தான் தெரிகிறது. எடுத்து வைப்பது அவள் வேலை மட்டும் என்று இருக்கும்வரை எத்தனை பெட்டி வாங்கி அடுக்கினாலும் அந்தப் பாரம் இறங்காது. மகளோடு மகனும் இப்போதே மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

காகிதம். பில், ரசீது, பள்ளிச் சுற்றறிக்கை எல்லாம் ஒரே தட்டில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் கட்டும் அன்று தட்டைக் காலி செய்வது. பத்திரம், பட்டா, மருத்துவ ரிப்போர்ட் பீரோவுக்கு, வாரண்டி ரசீதுகள் ஒரு கவருக்கு, மற்றது எடைக்கு.

ஜனவரி 13, திங்கள், போகி

பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ வாங்கி வந்து நிலையில் காப்புக் கட்டியாயிற்று. பரணில் ஏறியது அரை நாள் வேலை மட்டுமே, கீழே மேஜையும் கதவுப் பின்புறமும் ஏற்கெனவே சுத்தம். பழைய டயரோ பிளாஸ்டிக்கோ எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது, எங்கள் தெருவில் இந்த முறை புகை குறைவுதான், மாமாவின் இருமலுக்கு அது பெரிய நிம்மதி. ஓடாத மிக்ஸி மோட்டாரும் இரண்டு பழைய போனும் மின்கழிவு எடுப்பவருக்கென்று தனியே வைத்திருக்கிறோம்.

அத்தையின் கல்யாணச் சீர் அண்டா பரணிலேயே இருக்கும், பெயர் வெட்டிய பாத்திரம், அது இருக்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்திலிருந்த எவர்சில்வர் குடங்களில் இரண்டை நாத்தனாருக்குக் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். பொங்கல் முடிந்ததும் சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரி. அதை யார் பொறுப்பில் விடுவது என்று இன்று இரவு பால் வைக்கும்போது பேச வேண்டும்.