பாண்டாக்கில் தமிழ்ப் பாடம்: பிடிஎஃப் எங்கே உடைகிறது

பெங்களூரில் ஞாயிறு தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரே பாடம் அச்சுக்குப் பிடிஎஃப்பாகவும் மொபைலுக்கு ஈபப் என்ற மின்னூலாகவும் வேண்டும். மார்க்டவுனில் (எளிய குறிகள் இட்ட வெற்று உரை) ஒருமுறை எழுதி, ஆவணங்களை வடிவம் மாற்றும் பாண்டாக் என்ற மென்பொருளிடம் கொடுத்தால் இரண்டும் கிடைக்கும். உபுண்டுவில் அதன் நிறுவு கருவியான ஆப்ட் வழியே நிறுவினால் பெரும்பாலும் பழைய பதிப்புதான் வரும். கிட்ஹப்பில் உள்ள டெப் (நிறுவு) கோப்பே மேல்.

ஈபப் தொல்லை தராது. பிடிஎஃப்தான் படுத்தும். பிடிஎஃப் உருவாக்கப் பாண்டாக் வழக்கமாக அழைக்கும் நிரலான பிடிஎஃப்லேடெக்ஸ், தமிழ் எழுத்தைப் பார்த்ததும் பிழை காட்டி நின்றுவிடும். அதற்குப் பதில் எஞ்சினாக ஸீலேடெக்ஸையும், மெயின்ஃபான்ட்டாக (முதன்மை எழுத்துரு) நோட்டோ செரிஃப் தமிழையும் கொடுங்கள். அந்த எழுத்துருவுக்கான அமைப்பு மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸில் ‘ஸ்கிரிப்ட்=தமிழ்’ என்பதை (ஆங்கிலத்தில்தான்) சேர்க்காவிட்டால் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பாடத்தில் கன்னடச் சொல் கலந்திருந்தால் தமிழ் எழுத்துருவில் அதற்கு வடிவம் இருக்காது. வேலை நிற்காது, எச்சரிக்கை மட்டும் ஓடும். அச்சுக் கடைக்கு அனுப்பும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிக்கு லுவா ஃபில்ட்டர் (மாற்றும்போதே உரையைத் திருத்தும், லுவா மொழியில் எழுதிய சிறு நிரல்) எழுதலாம்; லுவா பாண்டாக்குக்குள்ளேயே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டாம். சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்ட ‘ஸ்ட்ரிங்.சப்’ போட்டால் சிதறும். அது எண்ணுவது பைட்டை. யூடிஎஃப்-8இல் ‘கி’க்கு 6 பைட்டு. பாண்டாக்கின் டெக்ஸ்ட் மாட்யூல் யூனிகோடு எண்களை எண்ணும், அதிலும் ‘கி’ 2தான் (‘க’வும் அதன் இகரக் குறியும்). எனவே அடுத்த எண் 3006 முதல் 3021க்குள் இருந்தாலோ 3031 ஆக இருந்தாலோ (இவை உயிர்க்குறிகளும் புள்ளியும்) அதையும் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் தனி விதி எழுத வேண்டியிருக்கும்.