கல்லைக் கையில் கொடுத்தால்தான் பாட்டு வரும்

கரூருக்குப் போனது ஒரு புறநானூற்றுப் பாட்டுக்காக. 36ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை, அதாவது இன்றைய கரூரை, முற்றுகையிட்டிருந்தபோது புலவர் ஆலத்தூர் கிழார் அவனிடமே பாடியது. காவல் மரங்களை வெட்டும் ஓசை காதில் விழுந்தும் கோட்டைக்குள் சும்மா இருக்கிறவனோடு உனக்கு என்ன போர், வெட்கம்தான் என்று சோழனை இடித்துரைக்கிற பாட்டு. அதற்கு நடுவே, போகிற போக்கில், ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு ஆடுவது வந்துவிடுகிறது. கழங்கு என்றால் நம் அஞ்சாங்கல் மாதிரி ஆட்டம். அந்த ஆறு இன்றைய அமராவதி என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

வெண்மணலைத் தேடிப் போகாதீர்கள். பாலத்தில் நின்று பார்த்தால் கோரையும் சீமைக்கருவேலமும்தான், நடுவில் ஓடை அளவுக்குத் தண்ணீர். அணையில் திறந்துவிட்டால்தான் இது ஆறு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விளையாட்டுப் பாட்டு தெரிந்தவர்கள் யாராவது கிடைப்பார்களா என்று, அமராவதி காவிரியில் கலக்கிற திருமுக்கூடலூர்ப் பக்கம் பஸ் ஏறினேன்.

வழியில் ஒரு ஊரில் இறங்கியபோது, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்ற விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, "சின்ன வயசுல வெளையாடறப்பப் பாடுன பாட்டு ஏதாச்சும் சொல்லுங்க ஆயா" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க கண்ணு நெனப்பிருக்குது? டிவி வந்ததோட போச்சு."

ஒருவர் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டே பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் போல என்று கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். அப்போது கடைசியில் இருந்த ஆயா, ரோட்டோரம் கொட்டிக் கிடந்த ஜல்லியில் துழாவி, முனை மழுங்கியதாக அஞ்சு கல் பொறுக்கி வந்தார். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். கல்லைத் தரையில் வீசினார். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் இன்னொன்றை வாரும்போதே வாயில் பாட்டு வந்துவிட்டது!

ஒவ்வொரு கல்லாக வாரும்போது (ஒண்ணாங்கல்) ஒரு பாட்டு, இரண்டிரண்டாக வாரும்போது (ரெண்டாங்கல்) வேறு பாட்டு. எறிந்த கல் கைக்குத் திரும்புகிற நேரம் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு அடி. கல் தவறினால் பாட்டும் அங்கேயே நின்றுவிடும். மறுபடி எடுத்தால் அந்தக் கல்லின் முதல் அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எனக்குப் பாதியில் ஒரு சொல் பிடிபடவில்லை. "அந்த அடியை மட்டும் ஒருக்கா சொல்லுங்க" என்றேன். ஆயா யோசித்தார். வரவில்லை. "சும்மா எப்பிடி வரும்? கல்லைப் போட்டாத்தான வரும்" என்று மறுபடி ஆடிக் காட்டினார். சொல் தானாக வந்தது.

எழுதி வைத்தவற்றுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சிலப்பதிகாரத்தில் இளங்கோ அம்மானை வரி (காய் எறிந்து பிடிப்பது), கந்துக வரி (பந்து), ஊசல் வரி (ஊஞ்சல்) என்று விளையாட்டுப் பாட்டுகளாகவே வைத்திருக்கிறார். "தென்னன் வாழ்க வாழ்கவென்று சென்று பந்தடித்துமே" என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கை தன்னால் தரையில் தட்டும். சொல் முழுசாக இருக்கிறது. எந்த அசையில் பந்து தரையைத் தொட்டது என்று காட்டத்தான் ஆளில்லை. திருவாசகத்துச் சாழலும் அப்படித்தான்: ஒருத்தி கேட்க, ஒருத்தி பதில் சொல்கிற பெண்கள் விளையாட்டு. இன்று ஓதுகிறோம், ஆடுவதில்லை.

கேள்வி-பதில் ஆட்டம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்தில் "பூப்பறிக்க வருகிறோம்" நடந்தது. இரண்டு வரிசை கைகோத்து முன்னும் பின்னும் போக, எந்த மாதம், யாரைத் தேடி, என்ன பூ என்று கேள்வியும் பதிலும். பேச்சில் 'வாரோம்' என்கிற பிள்ளைகள் பாட்டில் மட்டும் 'வருகிறோம்' என்கிறார்கள். ஆங்கிலேயப் பிள்ளைகளிடமும் இதே அமைப்பில் ஓர் ஆட்டம் உண்டு. பள்ளிக்கூட வாசல் வழியாகத் தெருவுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். வந்தால் என்ன, பிள்ளைகள் அதில் தங்கள் பெயரையும் வாய்க்கு வந்த பூவையும் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

பக்கத்திலேயே பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். "நாந்தான்டா உங்கப்பன், நல்லமுத்துப் பேரன்" என்று மூச்சு விடாமல் பாடிப் போகிற சடுகுடு இல்லை அது. கேட்டேன். "பாட்டுப் பாடினா பாயிண்ட் போயிடுங்க" என்றான் ஒருவன். உண்மைதான். போட்டி விதிப்படி பாடிப் போகிறவர் 'கபடி' என்ற ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை போய் வர 30 விநாடிதான். பாட்டுக்கு அங்கே இருந்த வேலையே மூச்சை அளப்பதுதான். அந்த வேலையைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது, நல்லமுத்துப் பேரன் களத்தைவிட்டுப் போய்விட்டார். கபடிக்குக் கிடைத்த பெயரும் மரியாதையும் எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் எதிராளியை மோனையோடு வம்புக்கு இழுக்கிற அந்தத் திமிர் போனதில் வருத்தம் உண்டு.

இவற்றைச் சேகரிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாடச் சொல்லாதீர்கள், ஆடச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு மட்டும் போதாது, கை தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். என்னுடைய பதிவில் பாதி இடத்தில் கல் விழுகிற சத்தம்தான், எது எந்த அடிக்கு என்றே பிரிக்க முடியவில்லை.

மீதிப் பாதியில் சண்டை. நாலாங்கல்லுக்கு அந்த ஆயா ஒரு பாட்டுப் பாட, காவிரிக்கு அக்கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்த இன்னொருவர், "எங்கூர்ல அப்பிடி இல்லீங்க்கா" என்று கல்லைப் பிடுங்கி வேறு ஒன்றை ஆடிக் காட்டினார். "அது மூணாங்கல்லுப் பாட்டுடி" என்று இவர். வேலைக்குக் கூப்பிடும் வரை தீரவில்லை. உங்கள் ஊரில் நாலாங்கல்லுக்கு எது? வீட்டில் பாட்டி இருந்தால் அஞ்சு கல்லைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.